மூன்றாம் எண் வீட்டின் நாற்பத்தொரு பேர்

உப்புமேடு குடியிருப்பின் 'சி' பிளாக்கில் அறுபத்து நான்கு வீடுகள் இருந்தன. படிக்கட்டு ஒன்றுதான். அதில் ஒருவர் ஏறினால் இறங்குகிறவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். பீரோவைப் பிரித்து மேலே கொண்டுபோகலாம். கட்டிலைப் பிரித்துக் கொண்டுபோகலாம். பிணம் வைக்கும் ஐஸ் பெட்டியைப் பிரிக்க முடியாது. அதனால் மாடியில் யார் செத்தாலும் போர்வையில் சுற்றிக் கீழே இறக்கி, தெருவைப் பார்த்து வாசல் வைத்த மூன்றாம் எண் வீட்டில் பெட்டியைப் போட்டுக் கிடத்துவார்கள்.

அந்த வீடு கன்னியம்மாவுடையது. ராயபுரத்தில் ஒரு மொத்தக் கடையில் மிளகாய்க் காம்பு கிள்ளும் வேலை அவளுக்கு. புருஷன் சுப்பராயன் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவன். இப்போது அவனை இன்னொருவர் தூக்கி உட்காரவைக்க வேண்டும், நுரையீரல் அப்படி.

கன்னியம்மா இளகிய மனசுக்காரி ஒன்றும் இல்லை. "சாவறதுக்கு வேற நாளே கெடிக்கிலியா? இன்னிக்குத்தான் மாவு அரைக்கலாம்னு அரிசி ஊறப்போட்டேன்" என்று திட்டிக்கொண்டேதான் அடுப்பையும் டி.வி.யையும் வெளியே எடுத்து வைப்பாள். ஆனால் எடுத்து வைப்பாள். முப்பத்தோரு வருடம் எடுத்து வைத்தாள். அந்த ஒற்றை அறையில் பஞ்சசீலம் சொன்னார்கள், ஜெபம் பண்ணினார்கள், வாசலில் விடியவிடிய கானா பாடினார்கள். ஐஸ் பெட்டிக்காரனுக்கு அவள் வீட்டு பிளக் பாயிண்ட் எங்கே என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லத் தெரியும்.

மூலக்கொத்தளம் சுடுகாட்டுக்குக் கொண்டுபோனால் பதிவேட்டில் எழுதுவதற்கு ஒரே ஒரு கேள்வி கேட்பார்கள். பாடி எங்கேயிருந்து வருது? சி பிளாக்கு, மூணாம் நம்பர். கேட்ட கேள்விக்கு அதுதான் சரியான பதில். செத்தவர் எந்த வீட்டில் இருந்தார் என்று கேள்வி இல்லை. கேட்காததைச் சொல்லும் பழக்கம் உப்புமேட்டில் யாருக்கும் இல்லை.

நகர எளியோர் இல்ல இயக்ககம் அந்த பிளாக்கை இடித்தது. பதினெட்டு மாதத்தில் பதினான்கு மாடியில் புதுவீடு என்று சொன்னது. நான்கு வருடம் ஆயிற்று. அறுபத்து நான்கு குடும்பமும் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் சாலையோரத்தில் தகரக் கொட்டகையில் இருந்தன. பகலில் தகரம் கொதிக்கும். சுப்பராயனை வெயில் ஏறும் முன்னே வெளியே கொண்டுபோய் நிற்கிற லாரியின் நிழலில் உட்காரவைப்பாள். லாரி நகர்ந்தால் அடுத்த லாரி. ஆஸ்பத்திரியில் டாக்டர், இன்னொரு கோடை இந்தக் கொட்டகையில் தாங்காது என்று சொல்லிவிட்டார்.

கட்டடம் ஒருவழியாக முடிந்தது. மத்திய அரசின் பங்கு, மாநில அரசின் பங்கு, பயனாளியின் பங்கு என்று மூன்று பங்கையும் பெரிய போர்டில் எழுதி வாசலில் நட்டார்கள். சாவி கொடுப்பதற்கு முன் இயக்ககம் 'இறந்தோர் நீக்கம்' என்று ஒரு பணியைச் செய்தது. செத்தவர் பெயரில் வீடு போய்விடக் கூடாது என்ற நல்லெண்ணம். சுடுகாட்டுப் பதிவேட்டையும் வீட்டுப் பட்டியலையும் கம்ப்யூட்டரில் போட்டு ஒப்பிட்டார்கள். முடிவைக் கொட்டகைச் சுவரில் ஒட்டினார்கள்.

படித்துச் சொன்னவன் பீம்ராவ். நாற்பத்தேழாம் எண் வீட்டுக்காரன். கூரியர் கம்பெனியில் பார்சல் பிரிப்பவன். எழுதப் படிக்க வேகமாக வரும் என்பதால் எல்லோருக்கும் மனு எழுதித் தருகிறவன்.

"வீடு எண் சி மூணு. குடும்ப உறுப்பினர் நாப்பத்து மூணு. இறந்தவர் நாப்பத்தொண்ணு. உயிரோடு இருப்பதாகச் சொல்லிக்கொள்பவர் ரெண்டு. நிலை, செயலற்ற குடும்பம்."

"செயலற்றன்னா இன்னாடா?"

"ஓடாத வண்டி மாதிரிக்கா."

"யாரு, நானா? காத்தால நாலு மணிக்கு எய்ந்து ஓடிக்கினு கீறேன்டா."

"பாதிக்கு மேல செத்துட்டா குடும்பமே செத்ததா கணக்காம். கீய போட்டுக்கீறான்."

மறுநாள் கன்னியம்மா கூலியை விட்டுவிட்டு இயக்ககத்துக்குப் போனாள். சரிபார்ப்பு அலுவலர் மகிமா, நாகர்கோவில் பக்கத்துப் பெண், வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம். கையில் டேப்லெட். முகத்தில் உண்மையான அக்கறை.

"அம்மா, உங்க வீட்டுல நாப்பத்தோரு பேர் இறந்திருக்காங்க."

"எங்கூட்ல யாரும் சாவலம்மா. செத்துட்டுத்தான் வந்தாங்க."

மகிமா திரையில் எதையோ தேடினாள். "வந்து எவ்வளவு நாள் தங்குனாங்க?"

"காலீல வருவாங்க, சாயங்காலம் பூடுவாங்க. சொந்தக்காரங்க வெளியூர்லேர்ந்து வரணும்னா ஒரு நாளு."

"வாடகைக்கு விட்டீங்களா?"

"பொணத்துக்கா?"

"ஆமா, இல்ல, ரெண்டுல ஒண்ணு சொல்லுங்கம்மா. மூணாவது இதுல கிடையாது."

"இல்ல."

"வாடகை இல்லாம தங்க வச்சிருக்கீங்க. அப்ப உறவினர்." மகிமா அழுத்தினாள். பச்சை விளக்கு எரிந்தது. "முந்நூறு சதுர அடியில நாப்பத்து மூணு பேர் எப்படிம்மா சமாளிச்சீங்க? ரொம்பக் கஷ்டமா இருந்திருக்குமே."

"எம்மா, அவங்கல்லாம் மாடி வூட்டுக்காரங்கம்மா, வூட்டுக்கு ஒருத்தரு. படிக்கட்டுல ஐஸ் பொட்டி ஏறாது. அதுக்கோசரம் கீய வெச்சோம்."

மகிமா இடிக்கப்பட்ட கட்டடத்தின் வரைபடத்தைத் திறந்தாள். பெரிதாக்கினாள். "படிக்கட்டு நாலடின்னு இருக்கே. பெட்டி ரெண்டரை அடிதான். தாராளமா போகும்."

"காயிதத்துல போவும். நேர்ல வந்து பாரு."

"நேர்ல இடிச்சாச்சேம்மா."

வழி ஒன்று இருந்தது. படிவம் பதினொன்று. இறந்த நாற்பத்தொரு பேரின் வாரிசுகளும் கையெழுத்துப் போட வேண்டும். வாசகம் அச்சிலேயே இருந்தது: 'எங்கள் குடும்பத்தவர் மேற்படி வீட்டில் வசித்து இறந்தார். அந்த வீட்டில் எங்களுக்கு உரிமை வேண்டாம்.' வேறு வாசகம் கிடையாது. பதிவேடு அரசு ஆவணம், அது தப்பாக இருக்க முடியாது என்பதால் அதைத் திருத்தப் படிவம் அச்சடிக்கவில்லை. சாவி வழங்கும் விழாவுக்கு முன் கொடுத்தால் வீடு. இல்லையென்றால் இல்லை.

பீம்ராவ் நாற்பத்தொரு படிவத்தையும் வாங்கி வந்து, அன்று சாயங்காலம், நாற்பத்தொருவரில் ஒருவரான தன் அப்பாவுக்காக முதல் படிவத்தில் தன் பெயரை எழுதினான். கையெழுத்துப் போடும் இடத்துக்கு வந்ததும் பேனாவை மூடினான்.

"அக்கா. நாப்பத்தேழாம் நம்பரு எங்க நைனா பேர்ல கொடுத்தது. அவரு மூணாம் நம்பர்ல குடியிருந்தாருன்னு நானே எயுதிக் குட்த்தா, நாப்பத்தேழுல யாரும் குடியிருக்கலன்னு ஆவும். எங்கூடு போச்சு."

கன்னியம்மாவுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. "அப்ப நாப்பத்தோரு வூட்டுக்கும் அதே கதிதானா?"

"அதேதான்."

செய்தி ராத்திரி சாப்பாட்டுக்கு முன்பே எல்லாக் கொட்டகைக்கும் போய்விட்டது. மறுநாள் தண்ணீர் லாரி வரிசையில் யாரும் கன்னியம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. வழக்கமாக அவளுடைய குடத்தை முன்னால் நகர்த்தி வைக்கிற டோரதி, தன் குடத்தை இழுத்துக்கொண்டு நகர்ந்தாள். நகர்ந்த பிறகு சும்மா இருக்க முடியாமல் திரும்பி வந்தாள்.

"கன்னிமா, எங்கூட்டுக்காரரு ஒன் வூட்ல அஞ்சு மணி நேரம் இருந்தாரு. அஞ்சு மணி நேரத்துக்கு நான் வூட்டையே குடுக்கணுமா?"

"நான் கேட்டனாடீ?"

"கேக்கல. கேட்டுருவியோன்னு பயமாக்கீது."

"பயந்துக்கோ. ஒன் புருஷன் வந்த அன்னிக்கு என் மாவு புளிச்சி பூட்ச்சி. அதுக்கும் நான் ஒண்ணும் கேக்கல."

பீம்ராவ் வேறு வழியில் போனான். படிக்கட்டு குறுகல் என்பதை நிரூபித்தால் பிணங்கள் மாடியிலிருந்து வந்தவை என்று ஆகும். மனு எழுதினான். மனு இணை இயக்குநர் அருள்பிரகாசத்தின் மேசைக்குப் போனது. அவர் அறிவியல் மனப்பான்மை உள்ளவர். உடனே ஒரு சோதனைக்கு உத்தரவிட்டார். பழைய படிக்கட்டு இல்லையென்றாலும் கவலையில்லை, புதிய கட்டடத்தின் படிக்கட்டில் செய்யலாம் என்றார்.

"இரண்டுக்கும் ஒரே வரைபடம்தான். ஏழைகளுக்கான நிதியில் ஒரே படிக்கட்டை இரண்டு முறை வரைவதற்கு என் மனசாட்சி இடம் தரவில்லை" என்று விளக்கினார்.

செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்குப் புதுக் கட்டடத்தில் எல்லோரும் கூடினார்கள். லிஃப்ட் பிளாஸ்டிக் தாளில் சுற்றியிருந்தது, விழா அன்றுதான் பிரிப்பார்கள். ஐஸ் பெட்டி வந்தது. காலிப் பெட்டியை ஏற்றினால் சோதனை செல்லாது, சராசரி எடையுள்ள ஒருவர் உள்ளே படுக்க வேண்டும் என்று விதிமுறை சொன்னது. இயக்கக ஊழியர்களைப் பணி நேரத்தில் படுக்கவைக்கப் பணி விதிகளில் இடமில்லை. பீம்ராவ் செருப்பைக் கழற்றிவிட்டுப் படுத்தான்.

"கரண்டு போடணுமா சார்?" என்று பெட்டிக்காரன் கேட்டான்.

"வேண்டாம். மின்கட்டணம் எந்தத் தலைப்பில் எழுதுவது?" என்றார் அருள்பிரகாசம்.

நான்கு பேர் தூக்கினார்கள். முதல் திருப்பத்தில் பெட்டி சிக்கிக்கொண்டது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. மூடியைத் திறக்கவும் இடமில்லை, சுவர் தடுத்தது. கண்ணாடிக்குள் பீம்ராவ் வாயைத் திறந்து திறந்து மூடினான். அருள்பிரகாசம் குனிந்து, "வசதியாக இருக்கிறீர்களா?" என்று கேட்டார். பதில் வெளியே கேட்கவில்லை. 'பயனாளி ஆட்சேபம் தெரிவிக்கவில்லை' என்று குறித்துக்கொண்டார்கள்.

"டேய், மூச்சு வுட முடியாம அட்ச்சிக்கினு கீறான்டா. இஸ்துங்கடா!" என்று கத்திக்கொண்டு கன்னியம்மா பெட்டியின் ஒரு முனையைப் பிடித்து இழுத்தாள். பெட்டி நகரவில்லை. சுவர் நகர்ந்தது. பெட்டியின் மூலை பட்ட இடத்தில் சிமென்ட் பூச்சு புட்டு மாதிரி உதிர்ந்தது, பின்னாலேயே ஒரு செங்கல் விழுந்தது, பெட்டி வெளியே வந்தது. பீம்ராவ் எழுந்து உட்கார்ந்து இருமினான். உடம்பெல்லாம் வெள்ளைத் தூள்.

"அப்பனுக்குக் கிடைக்காத யோகம்டா ஒனக்கு. நீயாவது பாதி மாடி ஏறிட்ட" என்றாள் கன்னியம்மா.

சோதனை அறிக்கை இரண்டு நாளில் வந்தது. ஒன்று, பெட்டி தரநிலைக்கு மாறானது. இரண்டு, படிக்கட்டு தேவைக்கேற்ப அகலமாகும் தன்மை உடையது.

விழாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது அருள்பிரகாசம் கன்னியம்மாவைத் தன் அறைக்கு அழைத்தார். உட்காரச் சொன்னார். இயக்ககத்தில் அவளை உட்காரச் சொன்னது அதுதான் முதல் முறை. மகிமா டேப்லெட்டோடு பக்கத்தில் நின்றாள்.

"அம்மா, உங்கள் பிரச்சினையை நான் மனிதாபிமானத்தோடு அணுகுகிறேன். ஒரே ஒரு கையெழுத்து. படிக்கட்டு நாலடி இருந்தது, நாற்பத்தொரு பேரும் என் சம்மதத்தோடு என் வீட்டில்தான் வசித்தார்கள் என்று நீங்களே சொல்லிவிடுங்கள். குடும்பத் தலைவி நீங்கள். வாரிசுகள் கையெழுத்துத் தேவையில்லை. நான்காவது மாடி, கிழக்குப் பார்த்த வீடு, சாவி உங்கள் கையில்."

"அந்த நாப்பத்தோரு வூடு?"

"யாருமே வசிக்காத வீடுகளை ஏழைகளுக்குக் கொடுத்தோம் என்று நாளைக்குத் தணிக்கையில் கேட்டால் நான் என்ன சொல்வது? ரத்து செய்து, தகுதியானவர்களுக்குக் கொடுப்போம். எங்களிடம் ஒரு பட்டியல் தயாராக இருக்கிறது."

"நான் போடலன்னா?"

"நீங்கள் வீட்டை விரும்பவில்லை என்று எடுத்துக்கொள்வோம். நாற்பத்தொரு பேரைப் பற்றிக் கேட்க யாரும் இருக்க மாட்டார்கள். அவர்கள் கோப்பும் தானாக மூடிவிடும், மற்ற வீடுகள் இருந்தபடியே இருக்கும். அரசு யாரையும் கட்டாயப்படுத்தாது."

மகிமா டேப்லெட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். திரை அணைந்திருந்தது.

கன்னியம்மா நாளைக்குச் சொல்கிறேன் என்று எழுந்து வந்தாள். கொட்டகை வாசலில் பீம்ராவ் உட்கார்ந்திருந்தான். விஷயம் அவனுக்குத் தெரிந்திருந்தது. எப்படித் தெரியும் என்று அவள் கேட்கவில்லை. உள்ளே சுப்பராயனுக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. தகரத்தின் சூடு சாயங்காலமும் இறங்கவில்லை.

"நான் ஒண்ணும் கேக்க வர்லக்கா" என்றான் பீம்ராவ்.

"தெரியும். கேக்காம மூஞ்சிய மட்டும் கொண்டாந்து வெச்சிக்கினு குந்திக்கீற."

"மாமாவ நெனச்சிப் போட்டேன்னா நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். மெய்யாலுமே."

"நீ சொல்ல மாட்ட. டோரதி சொல்லுவா. நாப்பத்தோரு வூட்டுக்காரங்களும் தெனம் வந்து வாசல்ல நின்னு மண்ண வாரித் தூத்துவாங்க. கெயக்குப் பாத்த வூட்ல அதத்தான் பாத்துக்கினு குந்தியிருக்கணும்." சுப்பராயனின் முதுகைத் தடவினாள். "யோவ், நீ இன்னா சொல்ற?"

சுப்பராயன் இரண்டு மூச்சு சேர்த்துக்கொண்டான். "இவன் நைனாவுக்கு நான்தான் மீச சீவி வுட்டேன். நம்ம வூட்ல குடியிருந்தாருன்னு எப்படிச் சொல்றது? சொன்னா அந்தாளே எய்ந்து வந்து அடிப்பாரு."

அவள் சிரிக்கவில்லை. பீம்ராவும் சிரிக்கவில்லை. மறுநாள் அவள் இயக்ககத்துக்குப் போகவில்லை, மிளகாய்க் கடைக்குப் போனாள். அன்று காம்பு கிள்ளிய கையோடு கண்ணைத் துடைத்துவிட்டாள். நாளெல்லாம் எரிந்தது.

விழா நடந்தது. லிஃப்டின் பிளாஸ்டிக்கைப் பிரித்தார்கள். அருள்பிரகாசம் பேசினார்.

"வீடு கட்டுவது எளிது. தகுதியானவரைக் கண்டுபிடிப்பதுதான் கடினம். எங்கள் நிதியில் பெரும்பகுதியை அதற்கே செலவிட்டோம் என்பதைப் பெருமையோடு சொல்கிறேன். நான்கு ஆண்டு ஆகிவிட்டது என்கிறார்கள். நான் கேட்கிறேன், நான்கு ஆண்டு தகரக் கொட்டகையில் தாக்குப்பிடித்தவர்களை ஏழைகள் என்று எப்படிச் சொல்வது? அவர்கள் வலிமையானவர்கள். அந்த வலிமையைத் தந்தது இந்த இயக்ககம்! பயனாளிகள் அறுபத்து நான்கு பேர். தீர்வு காணப்பட்டவர்கள் அறுபத்து நான்கு பேர். இதில் ஒருவர், வீடே வேண்டாம் என்று பெருந்தன்மையோடு மறுத்திருக்கிறார். தேவை இல்லாதவர் விலகிக்கொள்ளும் அளவுக்கு இந்தத் திட்டம் வெற்றி பெற்றிருக்கிறது!"

கை தட்டினார்கள். சாவி வாங்கிய அறுபத்து மூன்று குடும்பமும் தட்டியது. பீம்ராவ் மட்டும் சாவியை வைத்திருந்த கையால் தட்ட முடியாது என்பதுபோல நின்றான்.

அடுத்த திங்கட்கிழமை கொட்டகைகளைப் பிரிக்க வந்தார்கள். அறுபத்து மூன்று கொட்டகை ஏற்கெனவே காலி. காலி செய்வதைப் பதிவு செய்ய மகிமா டேப்லெட்டோடு வந்தாள். சுப்பராயன் லாரி நிழலில் ஒரு பாயில் சாய்ந்திருந்தான். ஸ்டவ், ரெண்டு குண்டான், துணி மூட்டை, ஒரு பிளாஸ்டிக் குடம். அவ்வளவுதான் சாமான்.

"அம்மா, இங்கேர்ந்து எந்த முகவரிக்குப் போறீங்க?"

"தெரீலியேம்மா."

"அதைக் காலியா விட்டா மேல போகாதும்மா. ஒரு முகவரி வேணும்."

"எம்மா, அது கீதுன்னா நான் ஏன் ஒங்கிட்ட வந்தேன்?"

மகிமா தலையைக் குனிந்துகொண்டாள். பின்னால் மேஸ்திரி நேரமாச்சு மேடம் என்றான். இன்னொரு தகரம் சத்தத்தோடு விழுந்தது.

"யாராச்சும் சொந்தக்காரங்க வீடு? எதாவது ஒண்ணு சொல்லுங்கம்மா."

கன்னியம்மா யோசித்தாள். முப்பத்தோரு வருடத்தில் அவளைத் தேடி எல்லோரும் வந்தார்கள். அவள் போகக்கூடிய இடம் எது என்று நினைவுக்கு வரவில்லை. இந்தச் சில மாதங்களில் மட்டும் ஒரே ஒரு இடத்துக்குப் போய்ப் போய் வந்திருக்கிறாள்.

"ஒங்க ஆபீஸ் அட்ரஸு போட்டுக்கோ."

மகிமா அவளை நிமிர்ந்து பார்த்தாள். திரையைப் பார்த்தாள். பிறகு மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக, கதவு எண், தெரு, பின்கோடு என்று தன் அலுவலக முகவரியை அடித்தாள். அழுத்தினாள். பச்சை விளக்கு எரிந்தது. கன்னியம்மாவின் போனுக்குச் செய்தி வந்தது: 'வாழ்த்துகள். தங்கள் குடியமர்வு உறுதி செய்யப்பட்டது.'

செவ்வாய்க்கிழமை காலை பத்தேகால் மணிக்கு ஒரு மூன்று சக்கர மீன்பாடி வண்டி இயக்ககத்தின் வாசலில் வந்து நின்றது. ஓட்டி வந்தவன் பீம்ராவ். காவலாளி கேட்டுக்கு வெளியே நிறுத்தினான். கன்னியம்மா போனைக் காட்டினாள். காவலாளி எழுத்துக்கூட்டிப் படித்தான், முகவரிப் பலகையைத் திரும்பிப் பார்த்தான், மறுபடியும் படித்தான். அரசு முத்திரை இருந்தது. கேட்டைத் திறந்தான்.

இரண்டாவது மாடி வராந்தாவில், மின்விசிறிக்குக் கீழே, சுவரோரமாகச் சுப்பராயனைச் சாய்த்து உட்காரவைத்தார்கள். இயக்ககத்தின் படிக்கட்டு அகலமாக இருந்ததால் பாயோடு தூக்கி வர முடிந்தது. அவனுக்கு மூச்சு கொஞ்சம் சீரானது. கன்னியம்மா ஸ்டவ்வைப் பற்றவைத்து உலை வைத்தாள்.

அருள்பிரகாசம் பதினொன்றரைக்கு வந்தார். பார்த்தார். "யார் இவர்கள்? உடனே வெளியே அனுப்புங்கள்" என்றார்.

மகிமா டேப்லெட்டை நீட்டினாள். "சார், சிஸ்டத்துல குடியமர்வு உறுதின்னு வருது. வெளியேத்தணும்னா கோப்பைத் திறக்கணும். திறந்தா விழாவுல சொன்ன அறுபத்து நாலு, அறுபத்து மூணா ஆயிடும் சார்."

அருள்பிரகாசம் டேப்லெட்டை வாங்கிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார். பிறகு பாயை மிதிக்காமல் ஓரமாகக் கால் வைத்துத் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

கன்னியம்மா குடத்தை எடுத்துக்கொண்டு மகிமாவின் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"எம்மா, இங்க தண்ணி எத்தினி மணிக்கு வரும்?"